நிணநீர்ப் புற்றும் ஒளிரும் சலாகைகளும்

1957ஆம் ஆண்டு, உகண்டாவின் கம்பாலா நகரிலுள்ள முலாகோ வைத்தியசாலையில், வைத்தியர் ஹியூ ட்றோவெல் என்பவர் ஐந்து வயதுச் சிறுவனொருவனைப் பார்த்துக் கருத்துக் கூறும்படி சத்திரசிகிச்சை வைத்தியரான டெனிஸ் பேர்கிற்றை அழைத்தார். சிறுவனின் முகம் உருக்குலைந்திருந்தது. மேற்றாடையிலும் கீழ்த்தாடையிலும், வலத்தும் இடத்துமாக நான்கு இடங்களில் வீக்கம், பற்கள் ஆட்டங்கண்டிருந்தன. ஓரிடத்து வீக்கமாயின் சீழ்க்கட்டி எனலாம். அன்றி, எலும்பிற் பற்றிய புற்று எனலாம். நான்கு இடங்களில் ஒருங்கே எழும் நோய் யாது? பேர்கிற்றிடம் விடை இருக்கவில்லை. சில வாரங்கள் கழிந்தபின், விக்ரோறியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் ஜிஞ்சா நகரத்து வைத்தியசாலைக்கு அவர் சென்றிருந்தார். அங்கு நோயாளரைப் பார்வையிட்டுக்கொண்டிருக்கையில் தற்செயலாக யன்னலூடாக வெளியே நோக்கினார். புற்றரையிலே தாயின் அருகே குழந்தையொன்று அமர்ந்திருந்தது. அதற்கும் அதே முகம். அதே நான்கு வீக்கங்கள். வெளியே சென்று சோதித்தபொழுது வயிற்றினுள்ளும் கட்டி இருப்பது தெரியவந்தது.

ஒன்று தற்செயல், இரண்டு அவ்வாறன்று என்று எண்ணினார் பேர்கிற். வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். தாடையில் ஒரு பெயரும், வயிற்றில் இன்னொரு பெயரும், சிறுநீரகத்தில் வேறொரு பெயருமாகப் பலகாலம் எழுதப்பட்டுவந்த கட்டிகள் யாவும் ஒரே நோயின் முகங்கள் என்ற முடிவு அவரிடத்தே உருவாயிற்று. 1958இல் அவர் எழுதிய கட்டுரை ஆபிரிக்கச் சிறுவரின் தாடைகளிலே தோன்றும் புற்றினைப் பற்றியதாக வெளிவந்தது. அது நிணநீர்க்குழியங்களிற் பிறக்கும் புற்று என்பதை நோயியலாளர் பின்னர் உறுதிசெய்தனர். இன்று உலகெங்கும் அது பேர்கிற் நிணநீர்ப் புற்று என்றே வழங்குகின்றது.

பேர்கிற் ஒற்றைக் கண்ணர். அயர்லாந்திலே பதினொரு வயதுப் பாடசாலை மாணவனாக இருந்தபொழுது கல்லொன்று பட்டு வலக்கண்ணை இழந்தவர். எத்தனையோ பேர் இரு கண்களாலும் கண்டு கடந்துசென்ற முகத்தினை அந்த ஒற்றைக் கண்ணே நின்று நோக்கிற்று எனச் சொல்வது சற்று மிகையான அலங்காரமாகத் தோன்றலாம். ஆயினும் நடந்தது அதுதான். 1961இல் அவர் நண்பர் இருவருடன் பழைய போட் மோட்டார் வண்டியொன்றில் ஏறி, பத்து வாரங்களில் ஏறத்தாழ 10,000 மைல் தூரம் கிழக்கு ஆபிரிக்காவையும் அதன் தெற்கேயுள்ள நாடுகளையும் சுற்றிவந்தார். வழியிலுள்ள வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் நிழற்படங்களைக் காட்டி, இத்தகைய பிள்ளைகளைக் கண்டதுண்டா என வினவினார். நோய் எங்கே முடிவடைகின்றது என்பதைத் தேசப்படத்திற் குறிப்பதே அப்பயணத்தின் நோக்கம். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களிலே நோய் இருந்தது. மத்திய கோட்டை அண்டிய நாடுகளிலும் 5,000 அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த மேட்டுநிலங்களில் அது இல்லை. நுளம்பு ஏதோவொரு வைரசைப் பரப்புகின்றது என அவர் கருதினார். அக்கருத்து அவ்வாறே சரியன்று; எனினும், மலேரியாவுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்ற அளவில் அது உண்மையை அண்மித்தே நின்றது.

வைரசும் உண்மையாகவே அகப்பட்டது. 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டனில் பேர்கிற் ஆற்றிய உரையைக் கேட்டுக்கொண்டிருந்த அன்ரனி எப்ஸ்ரைன், கட்டியின் துண்டுகளைக் கம்பாலாவிலிருந்து விமான மூலம் வருவிக்க ஒழுங்குசெய்தார். 1963இன் இறுதியில் வந்த ஒரு பொதி, இலண்டனில் மூடுபனி காரணமாக விமானம் மான்செஸ்ரருக்குத் திருப்பப்பட்டமையால், தாமதித்தே அவர் கையை அடைந்தது. குப்பியிலிருந்த நீர் கலங்கிக் காணப்பட்டது. பற்றீரியா புகுந்து பழுதாயிற்று என எண்ணி எறிந்திருக்கலாம். எறியாது நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபொழுது, கலங்கலுக்குக் காரணம் கட்டியிலிருந்து பிரிந்து உயிருடன் மிதந்த கலங்களே என்பது புலனாயிற்று. அவ்வாறு வளர்க்கப்பட்ட கலங்களிலேயே எப்ஸ்ரைன், அச்சொங், பார் ஆகிய மூவரும் 1964இல் எப்ஸ்ரைன்–பார் வைரசைக் கண்டறிந்தனர். அவ்வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. இங்கு வேண்டப்படுவது அக்கலங்களின் கருவினுள்ளே நிகழ்ந்திருந்த வேறொரு கேடாகும்.

நிறமூர்த்தம் என்ற சொல்லைப் பாடசாலைக் காலத்திலேயே நாம் மனனஞ் செய்துவிடுகின்றோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நிறம் ஏற்கும் உருவம் என்பதே பொருள். 1888இல் ஜேர்மானியரான வால்டயர் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிய சொல்லுக்கு நேரான தமிழ் அது. கலத்தின் கருவிற் சாயமூட்டினாலன்றி இவ்வுறுப்புகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆகவே நிறமூர்த்தங்களைப் பற்றிய அறிவின் வரலாறு ஒருவகையிற் சாயங்களின் வரலாறே. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உண்டு என்ற எளிய எண்ணிக்கை கூட 1956இலேதான் ஜியோ, லெவான் என்னும் இருவரால் உறுதிப்பட்டது. எண்ணத் தெரிந்த பின்னரும் ஒன்றையொன்று வேறுபடுத்தி அறிவது கடினமாகவே இருந்தது. 1970இல் ஸ்ரொக்ஹோம் நகரில் காஸ்பர்சனும் லோரே செக் என்ற அம்மையாரும் குயினக்கிறின் என்ற ஒளிரும் சாயத்தைக் கொண்டு ஒவ்வொரு நிறமூர்த்தத்தினதும் குறுக்கே ஒளியும் இருளுமான பட்டைகளைத் தோற்றுவித்தனர். அன்று தொடக்கம் ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் தனித்த முகம் வாய்த்தது.

இம்முகம் வாய்த்த இரண்டாண்டுகளில், பல்கேரிய நாட்டினரான மனோலொவ், மனோலோவா தம்பதியர், பேர்கிற் புற்றின் கலங்களில் 14ஆம் நிறமூர்த்தங்கள் இரண்டில் ஒன்றின் நுனி நீண்டிருப்பதை அறிவித்தனர். எங்கிருந்து வந்தது அந்த மிகைத்துண்டு? 1976இல் அதே லோரே செக்கும் அவர்தம் குழுவினரும் விடை கண்டனர். 8ஆம் நிறமூர்த்தத்தின் நுனி அறுந்து 14இல் ஒட்டியிருந்தது. 14இன் நுனி 8இற்குச் சென்றிருந்தது. இரண்டு நிறமூர்த்தங்கள் தம் முனைகளை மாற்றிக்கொண்டுள்ளன. இதுவே இடப்பெயர்ச்சி எனப்படுவது. சிறு தொகையினரில் 14இற்குப் பதிலாக 2ஆம் நிறமூர்த்தமோ 22ஆம் நிறமூர்த்தமோ இம்மாற்றத்தில் ஈடுபடும். ஆனால் 8ஆம் நிறமூர்த்தம் ஒருபொழுதும் தவறுவதில்லை. வெட்டு விழுவதும் அதன் ஒரே அயலில்.

1982இல் அந்த அயலில் இருப்பது யாதெனத் தெரிந்தது. மிக் என்னும் பரம்பரையலகு அங்கே உள்ளது. கலம் வளரவேண்டும், பிரியவேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றுவதில் முன்னிற்பது அது. தேவை முடிந்ததும் அடங்கிவிடுவது அதன் இயல்பு. மறுபுறத்தில் 14, 2, 22 ஆகிய மூன்றுக்கும் பொதுவாய் உள்ளது யாது? பிறபொருளெதிரிகளை ஆக்கும் பரம்பரையலகுகள் அம்மூன்று நிறமூர்த்தங்களிலேயே அமைந்துள்ளன. பீ நிணநீர்க்குழியத்தின் வாழ்க்கைத் தொழிலே பிறபொருளெதிரி ஆக்குவதாகையால், அக்கலத்தில் அவ்விடங்கள் இரவும் பகலும் அடுப்பெரியும் மடைப்பள்ளியை ஒத்தவை. அந்த அடுப்பங்கரையிலே மிக் கொண்டுவந்து வைக்கப்பட்டால், அதற்கு அடங்கும் நேரம் இல்லை. கலம் பிரிகிறது, பிரிந்தவை மீண்டும் பிரிகின்றன.

இங்கு ஒரு கேள்வி எழும். பிற இழையங்களைக் காட்டிலும் நிணநீர்க்குழியங்களில் இத்தகைய இடப்பெயர்ச்சி மிகுதியாக நேர்வது ஏன்? உடலிலுள்ள ஏனைய கலங்கள் தமது டீ.என்.ஏ.யைப் பொன்போற் காத்து வைத்திருக்க, நிணநீர்க்குழியம் மட்டும் தன்னுடையதைத் தானே வெட்டி ஒட்டுகின்றது. எண்ணிறந்த கிருமிகளுக்கு எண்ணிறந்த பிறபொருளெதிரிகள் வேண்டும். அத்தனைக்கும் தனித்தனிப் பரம்பரையலகுகளைச் சுமப்பது இயலாது. ஆகவே சில துண்டுகளை வெவ்வேறு வகையாகச் சேர்த்துப் புதியன படைக்கும் உபாயம் அக்கலத்துக்கு வாய்த்துள்ளது. 1976இல் தொனேகாவா இதனை நிறுவினார். அதற்காக 1987இல் நோபல் பரிசும் பெற்றார். வெட்டுவதற்கென்றே நொதியங்களை வைத்திருக்கும் கலத்தில் எப்பொழுதாவது ஒரு வெட்டு இடந்தவறுவது வியப்பன்று. நம்மைக் காக்கும் அதே தொழிலின் பிழையே இப்புற்று. பேர்கிற் நோயில் மட்டுமன்று. 14உம் 18உம் முனைமாறி பீ.சீ.எல். 2 என்ற பரம்பரையலகு கட்டவிழ்வதனால் நுண்புடைப்பு நிணநீர்ப் புற்றும், 11உம் 14உம் மாறுவதனால் மேலுறைக் கல நிணநீர்ப் புற்றும் உண்டாகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் உடைப்பு உண்டு எனலாம்.

உடைப்பு இன்னதென அறிந்தபின்னர் நோயாளியிடம் அதனைத் தேடுவது எளிதன்றோ என்று தோன்றும். அங்கேதான் இடர் இருந்தது. நிறமூர்த்தங்கள் தனித்தனி உருவெடுப்பது கலம் பிரியும் சிறிது நேரத்தில் மட்டுமே. ஏனைய காலமெல்லாம், நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமுள்ள டீ.என்.ஏ. முழுவதும், மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவுங் குறுக்கில்லாத கருவினுள் நூலுருண்டை போலக் கிடக்கும். ஆகவே பட்டைகளைக் காணவேண்டுமாயின் உயிருள்ள கலங்கள் வேண்டும், அவற்றை வளர்க்கவேண்டும், பிரிகின்ற தறுவாயில் நிறுத்தவேண்டும். வைத்தியசாலையில் நடப்பதோ வேறு. கழுத்திலிருந்து வெட்டியெடுத்த நிணநீர்க்கணு அந்த நிமிடமே போமலின் குப்பியில் இடப்படுகின்றது. பின்னர் பரபின் மெழுகில் உறைகின்றது. மெழுகுக் கட்டியிலுள்ள கலங்கள் யாவும் இறந்தவை. அவை இனிப் பிரியப்போவதில்லை. நூலுருண்டையைக் குலைக்காமலே அதனுள் ஓர் இழை அறுந்திருக்கின்றதா என்று பார்க்கும் வழி தேவைப்பட்டது.

அவ்வழியின் முதற்படி தேரையொன்றிலிருந்து தொடங்குகின்றது. 1969இல் ஜோசப் கோல், மேரி லூ பார்டியூ என்னும் இருவர், ஆபிரிக்கத் தேரையின் முட்டைக் கலத்திலுள்ள குறித்த டீ.என்.ஏ. தொடரை, அதற்கு நேர்மாறான தொடரையுடைய கதிர்வீசும் ஆர்.என்.ஏ. கொண்டு அதன் இருப்பிடத்திலேயே கண்டனர். கருத்து மிக எளிது. டீ.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று இணையானவை. வெப்பத்தாற் பிரித்துப் பின் ஆறவிட்டால், ஒவ்வோர் இழையும் தன் துணையைத் தேடிப் பிணையும். அந்நேரத்திற் புறத்தேயிருந்து, அடையாளமிட்ட ஒரு குறுகிய இழையை உள்ளே விட்டால், அது தனக்குரிய இடத்தை நாடிச்சென்று பற்றிக்கொள்ளும். பழைய வைத்தியர் புண்ணின் ஆழமறியச் செலுத்திய கோலைச் சலாகை என்பர். அச்சொல்லை இதற்கும் வழங்குவது தகும். ஆனால் கதிர்வீச்சுச் சலாகையின் அடையாளம் நிழற்படக் குழம்பில் விழுவதற்கு நாட்களும் வாரங்களும் காத்திருக்கவேண்டும். நோயாளிக்கு அது உதவாது. 1981இல் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் வார்ட் குழுவினர் பயோட்டின் என்ற விற்றமினை டீ.என்.ஏ.யின் மூலங்களிற் கோத்து, அதனைப் பற்றும் ஒளிரும் பொருளால் இடத்தைக் காட்டும் வழியை அமைத்தனர். 1986இல் பிங்கலும் கிரேயும் பிறரும் அவ்வொளியை மனித நிறமூர்த்தங்களில் அளந்தறிய வகைசெய்தனர். பிரியாத கருவிலும் இம்முறை பயன்படும் என்பதை அதே காலத்தில் கிரேமரும் குழுவினரும் காட்டினர். நூலுருண்டை குலையாமலே வாசிக்கத்தக்கதாயிற்று.

இன்று ஒரு மெழுகுக் கட்டிக்கு நேர்வதைச் சற்று விரிவாகப் பார்த்தல் தகும். நுண்வெட்டியிலே நான்கு மைக்கிரோன் தடிப்பில் வெட்டிய மென்தகடு கண்ணாடி வழுக்கியில் ஒட்டப்படுகின்றது. மெழுகு கரைத்து நீக்கப்படுகின்றது. போமலின் புரதங்களைப் பின்னி வலைபோலாக்கிவிட்டமையால், சூடேற்றியும் பெப்சின் நொதியத்தால் அரித்தும் அவ்வலையைத் தளர்த்தவேண்டும். அரிப்பு குறைந்தாற் சலாகை உட்புகாது. மிகுந்தாற் கருவே கரைந்து ஆவியுருவாய்த் தோன்றும். எத்தனை நிமிடம் என்பதைக் கைப்பழக்கமே பெரிதும் தீர்மானிக்கின்றது; சமையலில் உப்பிடுவது போல. பின்னர் சலாகைக் கரைசலை இட்டு மூடி, டீ.என்.ஏ. இழைகள் பிரியுமளவு சூடாக்கி, 37 பாகை செல்சியஸில் ஓரிரவு முழுவதும் இருட்டில் விடுவர். உடலின் வெப்பநிலையும் அதுவே என்பதைக் கவனிக்கலாம். விடிந்ததும் பிணையாதவற்றைக் கழுவி, கரு முழுவதையும் நீலமாய் ஒளிரச்செய்யும் சாயமொன்றையும் இட்டு, விளக்கணைத்த அறையில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்வர்.

புளோரொளிர்வு என்பது ஒரு நிற ஒளியை விழுங்கி அதனிலும் நீண்ட அலையுடைய வேறு நிற ஒளியை உமிழ்வது. நீல ஒளியை ஏற்றுப் பச்சையை விடுவது ஒரு சாயம். பச்சையை ஏற்றுச் செம்மையை விடுவது மற்றொன்று. மிக் பரம்பரையலகைத் தேடுவதற்கான சலாகை இரட்டையானது. பரம்பரையலகின் ஒருபுறத்து அயலிற் செஞ்சலாகை; மறுபுறத்து அயலிற் பச்சைச் சலாகை. நிறமூர்த்தம் முழுமையாயிருப்பின் இரண்டும் அருகருகே விழுந்து கலந்து மஞ்சட்புள்ளியாய்த் தோன்றும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்றாக, நலமான கருவில் இரண்டு மஞ்சட்புள்ளிகள். இடையில் உடைந்து ஒருபாதி 14இற்குச் சென்றிருப்பின், ஒரு மஞ்சளும், விலகிநிற்கும் ஒரு செம்மையும் ஒரு பச்சையும் காணப்படும். பிரிந்த பாதி எந்த நிறமூர்த்தத்தை அடைந்தது என்பது இச்சோதனைக்குத் தேவையில்லை. 14 ஆயினும் 2 ஆயினும் 22 ஆயினும் உடைப்பு உடைப்பே. இதன் சிறப்பு அதுவாகும். மறுவகைச் சலாகையொன்றும் உண்டு. அதில் இரண்டு வெவ்வேறு நிறமூர்த்தங்களுக்கு இரண்டு நிறங்கள் இடப்படும். அங்கே பிரிவன்று, சேர்க்கையே நோயின் அடையாளம். முன்னதில் மஞ்சள் நலம். பின்னதில் மஞ்சள் நோய். புதிதாய்ப் பயில்வோர் இதில் மயங்குவது இயல்பு. செம்மையையும் பச்சையையும் வேறுபிரித்துக் காணமுடியாத கண்ணுடையவர் இத்தொழிலில் எத்துணை இடர்ப்படுவர் என்பதையும் எண்ணிப்பார்க்கலாம்.

நோயியலாளர் பேர்கிற் புற்றின் சாதாரணத் தோற்றத்தை விண்மீன் வானம் என்பர். நெருங்கிய நீலக் கலங்களின் நடுவே, இறந்த கலங்களை விழுங்கிய பெருங்கலங்கள் வெளிறிய புள்ளிகளாய்ச் சிதறிக் கிடப்பதே அதற்குக் காரணம். அது பழைய சாயங்களின் வானம். விளக்கணைத்த அறையிற் காணும் வானம் வேறு. அங்கே அழகுக்கு இடமில்லை, எண்ணவேண்டியிருக்கின்றது. நூறு, இருநூறு கருக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மஞ்சள், எத்தனை பிரிவு என்று ஒருவர் எண்ணுவார். முதலாமவர் எண்ணியதை அறியாத இன்னொருவர் மீண்டும் எண்ணுவார். ஏன் இத்தனை எண்ணிக்கை? நான்கு மைக்கிரோன் தகட்டிலே முழுக்கரு அகப்படுவதில்லை. தேசிக்காயைத் தகடுதகடாய் அரிந்தால் விதை சில தகட்டில் இருக்கும், சிலவற்றில் இராது. அவ்வாறே சில கருக்களில் ஒரு புள்ளி வெட்டுண்டு போயிருக்கும். நூலின் நெளிவினால் நலமான கருவிலும் செம்மையும் பச்சையும் சற்று விலகித் தோன்றும். ஆகவே நோயற்றோரின் இழையங்களிற் பொய்ப்பிரிவு எத்தனை விழுக்காடு வருகின்றதென ஒவ்வோர் ஆய்வுகூடமும் தானே முன்னர் எண்ணிவைத்திருத்தல் வேண்டும். அந்த எல்லையைக் கடந்தாலன்றி உடைப்பு உண்டென எழுதுவதற்கில்லை. இரண்டு புள்ளிகளுக்கிடையே எவ்வளவு தூரமிருந்தாற் பிரிவு எனலாம்? புள்ளியின் விட்டத்தைப்போல் இருமடங்கு என்பதைப் பல ஆய்வுகூடங்கள் கொள்கின்றன. ஒன்றரை மடங்காயின்? அங்கே கண்ணும் மனமும் ஒன்றோடொன்று வழக்காடும். இயந்திரத்தின் தீர்ப்பென்று வெளியார் கருதும் ஒரு விடை, இருட்டறையில் இருவர் செய்த முடிவு என்பதை மறைப்பதற்கில்லை.

இதனினும் பெரியதொரு குறை உண்டு. சலாகை கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். பட்டைகளைக் காட்டிய பழைய முறை, வேண்டியதோ வேண்டாததோ, 46 நிறமூர்த்தங்களையும் ஒருங்கே கண்முன் பரப்பிற்று. மிக் சலாகையோ மிக் உடைந்ததா என்பதன்றி வேறெதனையும் அறியாது. 18ஆம் நிறமூர்த்தம் தூள்தூளாகியிருப்பினும் வாய்திறவாது. போதாததற்கு, கேட்ட கேள்விக்கும் சிலவேளை தவறான விடை வரும். உடைப்பு சலாகைகளின் எல்லைக்கு அப்பால் விழுந்திருந்தால், செம்மையும் பச்சையும் ஒட்டியே இருந்து இரண்டு மஞ்சட்புள்ளிகளைக் காட்டும். ஆபிரிக்கச் சிறுவரின் புற்றில் வெட்டு மிக்கிலிருந்து வெகுதூரத்தில் விழுவதும், பிறநாடுகளில் அருகே விழுவதும் பெரும்பான்மை என்று அறியப்பட்டிருப்பதால், இது வெறும் கற்பனை அச்சமன்று. அயலிலிருந்து சிறியதொரு துண்டு நுழைந்து ஒட்டியிருந்தாலும் புள்ளிகள் விலகா. அத்தகைய ஐயம் எழும்பொழுது இரண்டாம் வகைச் சலாகையையும் இட்டுப் பார்ப்பதே முறை.

மறுதலையாக, மிக் உடைந்திருப்பதனால் மட்டும் அது பேர்கிற் நோயாகிவிடாது. வளர்ந்தோரிடையே மிகுதியாய்க் காணப்படும் பரந்த பெருங்கல நிணநீர்ப் புற்றிலும் ஒரு பகுதியினரிடம் மிக் உடைந்திருக்கும். அவர்களுள்ளுஞ் சிலரில் மிக்குடன் பீ.சீ.எல். 2உம் உடைந்திருக்கும். ஒன்று கலத்தைப் பிரியச்சொல்வது. மற்றது இறக்கவேண்டிய கலத்தை இறக்கவிடாதது. இரண்டும் கூடினால் நோயின் வேகம் சொல்லுந்தரமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2016இல் இத்தகைய இரட்டை உடைப்பைத் தனியொரு வகையாகவே பிரித்தது. 2022இல் வந்த திருத்தங்களும் மிக்–பீ.சீ.எல். 2 இணையைத் தனித்தே வைத்துள்ளன. சாதாரணச் சாயத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நோயாளர், இருட்டறையிலிருந்து வெளிவரும்பொழுது இருவேறு பெயருடையோராகின்றனர்.

பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்போருக்கு இந்நோய் நல்ல விடை. பரந்த பெருங்கலப் புற்றுக்கு வழமையாய்க் கொடுக்கும் மருந்துத் தொகுதி பேர்கிற் நோய்க்குப் போதாது. குறுகிய காலத்தில் மிகக் கடுமையான மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தாற் பெரும்பாலோர் முற்றாகக் குணமடைகின்றனர். மென்மையாகத் தொடங்கினால், பணிந்ததுபோலக் காட்டி மீண்டும் எழுகின்றது. கடுமையான மருந்தோ தேவையற்றவர்க்குக் கொடுக்கத்தக்கதன்று. முதியவர் சிலரை அம்மருந்தே கொல்லும். ஆகவே பெயர் சரியாயிருக்கவேண்டும், விரைவாயும் வரவேண்டும். இக்கட்டி ஓரிரு நாட்களுக்குள் தன்னளவு இரட்டிக்கவல்லது. சலாகை பிணைவதற்கு எடுக்கும் ஓரிரவு கூட அக்கணக்கிற் சிறிதன்று. விடை வருமுன்னரே குறைந்த அளவு மருந்துடன் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கும் வைத்தியர் பலருளர்.

பேர்கிற்றுக்கு இச்சலாகை எதுவும் இருக்கவில்லை. கட்டிகளை வெட்டியெறிவதாற் பயனில்லை என்று கண்டபின், அவர் அமெரிக்காவிலிருந்து கிடைத்த மெதொற்றெக்சேற், சைக்கிளோபொஸ்பமைட் போன்ற மருந்துகளைச் சிறுவருக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலே முகவீக்கம் வடியக் கண்டார். மிகச்சிலவே ஆயினும் ஓரிரு மருந்தூசிகளுடன் நிரந்தரமாய்க் குணமடைந்த பிள்ளைகளும் உண்டு. 1967இல் கம்பாலாவில் இந்நோய்க்கெனச் சிகிச்சை நிலையமொன்று தோன்றி, ஜோன் சீக்லர் என்ற அமெரிக்க வைத்தியரின் பொறுப்பில் அவ்வனுபவத்தை முறைப்படுத்திற்று. பல மருந்துகளைச் சேர்த்துப் புற்றினைக் குணமாக்கலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. 1971இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டில் சீக்லர் நாடு திரும்ப, உகண்டாவைச் சேர்ந்த சார்ள்ஸ் ஒல்வெனி அந்நிலையத்தை ஏற்று, மருந்தும் பணமும் அருகிய காலத்தில் அதனை மூடவிடாது நடத்தினார். நோயின் பெயர் உலகமெங்கும் சென்றது. அதனைப் பற்றிய அறிவின் இலாபம் மட்டும் பிறந்த இடத்துக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. செல்வம் படைத்த நாடுகளில் இந்நோய்க்குள்ளாகும் சிறுவரில் பத்திலொன்பது பேர் பிழைக்கின்றனர். மத்திய கோட்டு ஆபிரிக்காவிற் பாதிப்பேர் பிழைத்தால் அது நல்ல நிலையம். காலந்தாழ்த்தி வருதல், வழிச்செலவுக்குப் பணமின்மை, மருந்து தீர்ந்துபோதல், சிகிச்சையை இடையிற் கைவிடுதல் என்பன அதற்குக் காரணங்கள். ஒளிரும் சலாகை இவற்றுள் எதனையும் தீர்க்காது. எனினும் தாடைக் கட்டிகள் யாவும் பேர்கிற் அல்ல; கண்ணின் புற்றும் எலும்பின் புற்றும் அவ்வுருவில் வருவதுண்டு. தவறான பெயரிற் கொடுக்கப்படும் மருந்து, கிடைத்தற்கரிய மருந்தை வீணாக்குவதுமாகும்.

ஊசியால் உறிஞ்சியெடுத்த கலங்களைச் சாதாரணச் சாயத்திற் பார்த்தே அங்குள்ள வைத்தியசாலைகள் பல இன்றும் முடிவுசெய்கின்றன. சலாகைக்கு விலை அதிகம். அது குளிரூட்டப்பட்டு வந்துசேரவேண்டும். நுணுக்குக்காட்டியின் விளக்கு பழுதானால் மாற்று விளக்கு வேண்டும். எனினும் மெழுகுக் கட்டியை வேறொரு நகருக்கு, வேறொரு நாட்டுக்கும் அனுப்பலாம். பல்லாண்டு பழைமையான கட்டியிலும் புள்ளிகள் ஒளிர்வதுண்டு. அதற்கு ஒரு நிபந்தனை. வெட்டியெடுத்த அன்று, இழையத்தைப்போற் பத்து மடங்கு அளவு போமலின் குப்பியில் இருந்திருக்கவேண்டும். ஒரு நாள் இரண்டு நாளில் அதிலிருந்து எடுக்கப்பட்டிருக்கவேண்டும். எலும்பும் சேர்ந்த துண்டாயின், அதனை மென்மையாக்க வல்லமிலத்தில் இட்டிருக்கலாகாது, அமிலம் டீ.என்.ஏ.யைத் தின்றுவிடும். சத்திரசிகிச்சைக் கூடத்திலே மாலை நேரத்தில் குப்பியை நிரப்பும் உதவியாளருக்கு இவற்றை யாரும் சொல்லியிருப்பதில்லை. குப்பியிற் கால்வாசி போமலினும், அதற்குட் பிதுங்கி நிற்கும் கட்டியுமாக அது புறப்படுகின்றது. வாரங்கள் கழித்து, வேறொரு நகரத்தின் இருட்டறையில் இருவர் மாறிமாறி நோக்குகின்றனர். நீலம் தெரிகின்றது, செம்மையும் இல்லை, பச்சையும் இல்லை. சோதனை பயன்தரவில்லை, புதிய துண்டு அனுப்புக என்று எழுதி அனுப்புகின்றனர். அக்கடிதம் சென்றடையும் நாளில் அங்கே கட்டிலருகில் நிற்கும் வைத்தியர், பிள்ளையின் வாயைத் திறக்கச்சொல்லி, மேற்றாடையிலும் கீழ்த்தாடையிலுமாக எத்தனை பற்கள் ஆடுகின்றன என்று விரலால் தொட்டுப் பார்க்கின்றார்.